கிழங்கானும் கிரேலிங்கும்

"காலத் தூக்கி வைக்காத மாப்ள. இழுத்து இழுத்து வையி."

மாமா இதை முதலில் சொன்னபோது எனக்குப் பதினொரு வயது. போன மாசி மாதம் மறுபடியும் சொன்னார். இப்போது எனக்கு நாற்பத்தேழு. ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்குப் பக்கத்தில், கோட்டக்கரை ஆறு கடலில் விழுகிற முகத்தில், முழங்கால் தண்ணீரில் இரண்டு பேரும் இறங்கியிருந்தோம். அங்கே மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி அதன் முதுகில் வைத்தால் வாலைச் சுழற்றி முள்ளை இறக்கிவிடும். பாதத்தைத் தரையோடு உரசிக்கொண்டே போனால் அதிர்வு தெரிந்து தானாக ஒதுங்கிப் போய்விடும்.

அதற்குள்ளேயே இன்னொரு காரியமும் நடக்கிறது. கால் உரசுகிற இடத்தில் மணல் கலங்கும். கலங்கலில் புழுவும் பொடி றாலும் கிளம்பும். அதைப் பொறுக்குவதற்கு நாம் வந்த தடத்திலேயே கிழங்கான் வரும். ஆகவே பத்தடி நடந்துவிட்டுத் திரும்பி நின்று, நடந்து வந்த தடத்தின் மேலேயே தூண்டிலைப் போட வேண்டும். புதியவர்கள் எல்லாரும் முன்னால் பார்த்துத்தான் எறிவார்கள். மீன் அவர்கள் முதுகுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருக்கும்.

இதே பாடத்தை இன்னொருவர் வாயாலும் கேட்டிருக்கிறேன். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். என் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் என்ன செய்கிறார் என்று கேட்டுத் தொலைத்தேன். அடுத்த ஞாயிறு, கக்கம் வரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிவிட்டு, ரை என்கிற ஒரு சின்ன ஆற்றுக்குள் என்னை நிறுத்திவிட்டார். யார்க்ஷர் மேட்டுநிலத்தில் பிறந்து, 1132-ல் கட்ட ஆரம்பித்து இப்போது கூரையில்லாமல் நிற்கும் ரீவோ மடாலயத்தின் ஓரமாக இறங்கி, ஹெல்ம்ஸ்லி என்ற ஊரைத் தொட்டுப் போகிற ஆறு. நல்ல மழைக்கு நம் ஊர் வரத்துக்கால் இருக்குமே, அவ்வளவு அகலம்தான். "உன் காலுக்குப் பின்னால் பார்" என்றார். என் பூட்ஸ் கிளப்பிய கலங்கலுக்குக் கீழ்ப்புறம், சாம்பல் நிறத்தில் நாலைந்து மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து நின்று பூச்சி பொறுக்கிக்கொண்டிருந்தன. அதுதான் நான் பார்த்த முதல் கிரேலிங்.

காலால் கிண்டிவிட்டு மீனைக் கூப்பிட்டுப் பிடிப்பது அங்கே மரியாதையான வேலை இல்லை. பார்க்கலாம், ரசிக்கலாம், ஆனால் அப்படிப் பிடித்ததாக வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். மாமாவிடம் சொன்னபோது அவருக்கு அது விளங்கவே இல்லை. "மீனு வருதுல்ல?" என்றார்.

கிரேலிங்குக்கு அங்கே செல்லமாக 'ஓடையின் சீமாட்டி' என்று பேர். முதுகில் பாய்மரம் போல விரிகிற பெரிய துடுப்பு. வெயிலில் பிடித்துப் பார்த்தால் அதில் ஊதாவும் சிவப்பும் ஓடும். புதிதாகப் பிடித்த மீனை முகர்ந்தால் ஓமம் போல மணக்கிற தைம் என்ற பச்சிலையின் வாசனை வரும் என்பார்கள். அதன் விலங்கியல் பெயரே அந்தப் பச்சிலையிலிருந்து வந்ததுதான். எனக்கு வெள்ளரிக்காய் வாசனைதான் வந்தது. இங்கே நம் கிழங்கானை மண்டபம், ராமேஸ்வரம் ஹோட்டல்களில் 'லேடி ஃபிஷ்' என்று பலகையில் எழுதிப்போட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் யாரோ பெண் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இரண்டுமே மெலிந்து நீண்ட உடம்பு, கீழ்ப்பக்கம் பார்த்த சின்ன வாய், தரையோரம் மேய்ச்சல், கூட்டமாகத் திரிவது, தொட்டும் தொடாமலும் இரையை எடுப்பது என்று ஒரே ஜாடை. உறவு ஒன்றும் கிடையாது. கிரேலிங் சால்மன் குடும்பத்து மீன், குளிர்ந்த நன்னீரில் வாழும். கிழங்கான் உப்புத் தண்ணீர் மணலில் வளர்ந்து, ஆபத்து வந்தால் அந்த மணலுக்குள்ளேயே புகுந்துகொள்ளும்.

மாமாவின் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன், சொல்ல அதிகம் இல்லை. ஒரு தண்ணீர் பாட்டிலில் சுற்றிய தங்கூசி, அதாவது நைலான் நரம்பு. நுனியில் மொச்சைக்கொட்டை அளவு ஈயம். அதற்கு மேலே இரண்டு கிளை, கிளைக்கு ஒரு முள். இடுப்புத் துண்டில் முடிந்த றால். வலது கையால் ஈயத்தைச் சுழற்றி விடுவார், இடது கையில் பாட்டிலின் வாயிலிருந்து தங்கூசி தானாக உருவிக்கொண்டு போகும். ஈயம் தரை தட்டியதும் தங்கூசியை ஆட்காட்டி விரல்மேல் போட்டுக்கொண்டு, மெதுவாக, விரல்கடை விரல்கடையாக இழுப்பார். ஈயம் மணலை உரசிக் குட்டிப் புகையைக் கிளப்பும். அதன் பின்னால் றால்.

மற்றதெல்லாம் அந்த விரலுக்குத்தான் தெரியும். கிழங்கான் தட்டினால் 'டிக் டிக்' என்று ஊசி நுனி போல இரண்டு தட்டு. முதல் தட்டுக்கு இழுத்தால் வெறும் முள்தான் வரும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் ஒரு சின்ன கனம் வரும், அப்போது மணிக்கட்டை மட்டும் திருப்ப வேண்டும். பேத்தை கடித்தால் தட்டே இருக்காது. தங்கூசி திடீரென்று லேசாகிவிடும், இழுத்துப் பார்த்தால் முள்ளையும் சேர்த்து நறுக்கிக்கொண்டு போயிருக்கும். நண்டு இழுத்தால் ஈரத் துணியை இழுக்கிற மாதிரி. கெளுத்தி மடையன் மாதிரி விழுங்கிவிட்டு ஓடும். கெளுத்தியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. பதினைந்து வயதில் முள்ளைக் கழற்றும்போது அதன் செவுள் பக்கத்து முள் என் உள்ளங்கையில் ஏறி, முழங்கை வரை நெருப்பு வைத்தது. அத்தை பொறுக்கும் அளவு சுடுதண்ணீரில் கையை முக்கிவைத்தார். சூட்டில் அந்த விஷம் முறியும் என்று பிறகு ஒரு டாக்டரும் சொன்னார். அன்று அத்தைக்கு அது வெறும் வழக்கம்தான்.

விரல் வேலையில் மாமாவிடம் நான் பாஸ் ஆனதே இல்லை. கண் வேலைதான் எனக்கு வந்தது. அதை ரை ஆறுதான் சொல்லிக்கொடுத்தது.

அங்கே தூண்டில் ஒன்பதடிக் கம்பு. இரை கிடையாது. சேவல் கழுத்து இறகையும் முயல் ரோமத்தையும் நூலால் கட்டிச் செய்த பொய் ஈ. அதற்கு எடையே இல்லை. எடையில்லாததை எப்படி இருபது கெஜம் எறிவது என்று மாமா கேட்டபோது திணறிப்போனேன். ஈயம் எங்கே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், "கயிறுதான் மாமா கனம். கயித்த முன்னயும் பின்னயும் வீசி எறியுறோம், ஈ அது வால்ல ஒட்டிக்கிட்டுப் போகுது" என்றேன். "சாட்டைன்னு சொல்லு" என்றார். சாட்டைதான்.

அந்த ஆற்றின் இன்னொரு மீனான ட்ரவுட்டுக்கு அங்கே தனக்கென்று ஓர் இடம் உண்டு. ஒரு கல்லுக்குப் பின்னால், அல்லது கரை வேரின் நிழலில், தண்ணீரின் வேகம் குறைந்த ஓட்டையில், மேல்நீரைப் பார்த்துத் தலையை வைத்து நிற்கும். பக்கத்தில் ஓடுகிற நீரோட்டம் தின்பண்டத்தைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். அதிகம் நீந்தாமல் அதிகம் தின்கிற இடம். பெரிய மீன் இருக்கும்வரை சின்னது அந்த இடத்துக்கு வர முடியாது. பெரியதைப் பிடித்துவிட்டால் சில நாளில் அடுத்தது வந்து குடியேறும். மேல்நீரைப் பார்த்தே நிற்பதால், நாம் கீழ்நீரிலிருந்து அதன் முதுகுப்பக்கமாக வர வேண்டும். ஈ விழுந்து மிதந்து வரும்போது கயிறு அதை ஒரு விரல்கடை இழுத்தாலும் போதும், மீன் சந்தேகப்பட்டு இறங்கிவிடும்.

மே கடைசியில் அங்கே ஒரு பூச்சி கிளம்பும். இரண்டு வருடம் வரை ஆற்றுச் சேற்றுக்குள் புழுவாக இருந்துவிட்டு, ஒரு மாலை மேலே வந்து, இறக்கை முளைத்து, பறந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துப்போகும். இறக்கை வந்த பிறகு தின்பதற்கு அதற்கு வாயே வேலை செய்யாது. மாமாவிடம் இதைச் சொல்லப் பாதியில், "ஈசல்" என்றார். ஈசல் வேறு இனம், ஆனால் அந்த மாலைகளைப் பார்த்தவனுக்கு அதைவிட நல்ல சொல் கிடைக்காது. முதல் மழைக்கு மறுநாள் நம் தெருவிளக்கடியில் கோழியும் பல்லியும் தவளையும் கூடுவது போலத்தான், அன்று மட்டும் பெரிய ட்ரவுட்டுகள் வெட்கத்தை விட்டு மேலே வந்து வாயைப் பிளக்கும்.

எங்கள் ஆறு அப்படி இல்லை. கோட்டக்கரை ஆற்றை வருடத்தில் பாதிக்கு மேல் ஆறு என்று சொல்வதே ஒரு மரியாதைக்காகத்தான். மேலே நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று சொல்கிற ராஜசிங்கமங்கலம் பக்கமெல்லாம் கண்மாய்கள் நிரம்பி மறுகால் போனால்தான் இங்கே நன்னீர் வரும். ஐப்பசி, கார்த்திகையில் சில வாரம் செந்தண்ணீர். பிறகு கடல் உள்ளே வந்துவிடும். சித்திரை, வைகாசியில் அலையாத்தி வேருக்கடியில் நிற்கிற தண்ணீர் கடலைவிட உப்பாகக் கரிக்கும். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலும் 10 மீட்டருக்குள். ஏற்றவற்றமும் இரண்டு முழத்தைத் தாண்டாது. வெளியூர்க்காரர் கண்ணுக்குத் தண்ணீர் அசைவதே தெரியாது. ஆனால் முகத்துவாரத்து மணல் திட்டில் அந்த இரண்டு முழம்தான் எல்லாம். வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம், காட்டுக்குள்ளிருந்து தண்ணீர் பள்ளத்து வழியாகக் கீழே இறங்கும். அந்த நீவாடு மணல் திட்டின் மூக்கைச் சுற்றும் இடத்தில் ஒரு சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்தின் ஓரத்தில் கிழங்கான் நிற்கும்.

இருபது வருடமாக நான் அந்தச் சுருக்கத்தைப் பார்த்திருக்கிறேன், அது என்ன என்று கேட்டதில்லை. ரை ஆற்றில் நின்று திரும்பி வந்த பிறகுதான் புரிந்தது. கல்லுக்குப் பின்னால் ட்ரவுட் நிற்கும் அதே கணக்கு. மாமாவிடம் சொன்னேன். "அங்கன போட்டா கெடைக்கும்னு ஒனக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?" என்றார். சொல்லியிருக்கிறார். ஏன் என்று சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அந்த யார்க்ஷர் மலைச்சரிவு சுண்ணாம்புப் பாறை. ரை ஆற்றுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஹாட்ஜ் பெக் என்று ஓர் ஓடை. கோடையில் பாறைப் பிளவுக்குள் இறங்கிக் காணாமல்போய்விடும். வெறும் கல் கிடக்கும். நிலத்துக்கடியில் ஓடி, கீழே வேறோர் இடத்தில் வெளியே வரும். வருடம் முழுக்க மழை பெய்கிற நாட்டில் வறண்ட ஆற்றைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம் வந்து ஒரு மாதிரி சந்தோஷமாக இருந்தது. கூட வந்தவருக்கு அது புரியவில்லை.

மாமாவை ஆச்சரியப்படுத்திய விஷயம் மீன் இல்லை, காகிதம். தூண்டில் போட அரசாங்கத்திடம் வருடாந்திர உரிமச்சீட்டு வாங்க வேண்டும், அது போதாமல் ஆற்றின் அந்தக் கரை யாருக்குச் சொந்தமோ அவரிடமோ, அதைக் குத்தகைக்கு எடுத்த சங்கத்திடமோ தனியாகச் சீட்டு வாங்க வேண்டும் என்று சொன்னேன். ஓடுகிற ஆற்றுக்கு ஆள் சொந்தமா என்று கோபப்படுவார் என்று நினைத்தேன். "கம்மாய் ஏலம் மாதிரி" என்று முடித்துவிட்டார். கண்மாயில் மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஆள் போட்டுக் காவல் காப்பதை இந்தப் பக்கத்தில் எல்லாரும் பார்த்ததுதான்.

காலக் கட்டுப்பாடும் அப்படியே பிடிபட்டது. ட்ரவுட் குளிர்காலத் தொடக்கத்தில் கூழாங்கல்லில் குழி பறித்து முட்டையிடும். ஆகவே யார்க்ஷர் ஆறுகளில் அக்டோபர் 1 முதல் மார்ச் 24 வரை அதைப் பிடிக்கக் கூடாது. கிரேலிங் வசந்தத்தில் முட்டையிடும். அதற்கு மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடை. இரண்டு தடையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற பத்து நாளில் என் நண்பர் வீட்டில் உட்கார்ந்து ஈ கட்டுவார். இங்கே கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-லிருந்து 61. நாட்டுப்படகுக்கும் தூண்டிலுக்கும் அந்தத் தடை இல்லை. அந்த இரண்டு மாதமும் மாமாவுக்குக் கொண்டாட்டம். சந்தையில் மீன் குறையும், ஒரு கை கிழங்கானுக்கு இரண்டு கை விலை கிடைக்கும். "அவனுக்கு மூடுனாத்தான் நமக்குத் தொறக்கும்" என்பார்.

சண்டை வந்தது அதற்கு அடுத்த பேச்சில்.

"சரி, பிடிச்சு?"

"ஈரக் கையோட பிடிச்சு, முள்ளக் கழட்டி, தண்ணிக்குள்ளயே திரும்ப விட்டுரணும் மாமா. காய்ஞ்ச கையோட தொட்டா மேல இருக்க வழுவழுப்பு போயிரும், அப்பறம் பூஞ்சணம் புடிக்கும்."

"திங்கிறதில்ல?"

"இல்ல."

"விக்கிறது?"

"இல்ல மாமா."

அவர் தங்கூசியை முழுக்க இழுத்து, இரையைப் பார்த்து, மறுபடி எறிந்தார். ஈயம் தரை தட்டும்வரை பேசவில்லை.

"அப்ப அந்த மீனுக்கு நீ என்னதான் செஞ்ச? வலியக் குடுத்திருக்க. அதுக்கு ஒரு கணக்கு வேணாமா?"

"உசுரக் குடுத்துட்டேன்ல?"

"அது ஒன்னோடதா, நீ குடுக்கிறதுக்கு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இந்தக் கேள்வியை லீட்ஸ் நண்பரிடம் ஒருமுறை போனில் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பத்து மைல் நீளச் சின்ன ஆற்றுக்கு நூறு பேர் தூண்டிலோடு வருகிறார்கள், எல்லாரும் ஆளுக்கு ஒன்று வீட்டுக்குக் கொண்டுபோனால் அடுத்த வருடம் ஆற்றில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும், அப்புறம் பண்ணையில் வளர்த்த மீனை வண்டியில் கொண்டுவந்து கொட்ட வேண்டியதுதான் என்றார். அங்கே சில ஆறுகளில் அப்படிக் கொட்டவும் செய்கிறார்கள். தொட்டியில் உரசி உரசித் துடுப்பு தேய்ந்த மீன்கள். ஆற்றிலேயே பிறந்த ட்ரவுட்டின் துடுப்பு கத்தி வைத்து நறுக்கிய மாதிரி முழுசாக இருக்கும், உடம்பில் சிவப்புப் புள்ளிகளும் கறுப்புப் புள்ளிகளும் வெளிர் வட்டத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்காகத்தான் விடுகிறோம் என்றார். யோசித்துப் பார்த்தால் அவர் மீனுக்குக் கருணை காட்டுவதாகச் சொல்லவே இல்லை. அடுத்து வருகிற தூண்டில்காரனுக்கு ஒரு பங்கு விட்டுவைக்கிறார். அதை அப்படியே மாமாவிடம் சொன்னேன். "அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான. அது நியாயம்" என்றார். ஆனாலும் பிடித்துவிட்டு விடுவதை அவர் ஏற்கவில்லை.

அவருடைய வழி வேறு. கையளவுக் குட்டிக் கிழங்கான் அடுத்தடுத்து இரண்டு வந்தால் பாட்டிலைச் சுற்றிவிடுவார். குட்டிகளை விடமாட்டார், அது துண்டுக்குள் போய்விடும். ஆனால் அந்த இடத்தில் மூன்றாவது முறை எறிய மாட்டார். குட்டிகள் அலையாத்தி வேர்ப் பக்கம் நிற்கும், பெரியது திட்டின் மூக்கில் நிற்கும். "சின்னது வந்தா நீ தப்பான எடத்துல நிக்கிறன்னு அர்த்தம்." முள்ளும் அவர் மற்றவர்களைவிட ஒரு அளவு பெரிதாகத்தான் கட்டுவார். குட்டியின் வாய்க்குள் லேசில் போகாது. எனக்கு இது பிடித்திருக்கிறது. பிடித்த பிறகு யோசிக்கிற வேலையை எறிவதற்கு முன்னாலேயே முடித்துவிடுகிறார். இதில் ஒரு கசப்பும் உண்டு. அவர் ஒதுங்கிப்போன அதே வேர்ப் பள்ளத்தில், கொசுவலை கண்ணில் யாரோ வலையை மறித்துக் கட்டியிருப்பதை இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். விரல் நீளத்து மடவை, கொடுவா, ஊடான் எல்லாம் ஒட்டுமொத்தமாகக் கருவாட்டுக்குப் போகும். மாமா அதைப் பார்த்தால் காறித் துப்பிவிட்டு நடப்பார். சண்டைக்குப் போனதில்லை. வலை கட்டியவரும் சொந்தக்காரராகத்தான் இருப்பார்.

இந்தப் பேச்சுக்கெல்லாம் முன்னால், இரண்டு வருடத்துக்கு முந்தின ஐப்பசியில், ஒரு கொடுவா.

மழை விட்ட மறுநாள். ஆறு செந்தண்ணீராக இறங்கிக்கொண்டிருந்தது. செந்தண்ணீரும் கடலும் சேர்கிற கோடு திட்டுக்கு வெளியே கண்ணுக்குத் தெரிந்தது. மாமா உயிர் மடவை ஒன்றைக் கனத்த தங்கூசியில் கோத்து, கோட்டின் ஓரம் விட்டுவிட்டு, பீடி பற்றவைக்க என் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து எடுத்தது. கொடுவா இரையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து தண்ணீரோடு உறிஞ்சும். மேலே நடந்தால் 'டப்' என்று கதவடைத்த மாதிரி சத்தம் வரும். சத்தம் கேட்ட பிறகுதான் தங்கூசி என் விரலை அறுத்துக்கொண்டு ஓடியது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. மாமா பீடியை எறிந்துவிட்டு வந்து பின்னாலிருந்து பிடித்தார். கால் மணி நேரம் இருக்கும். மணல்மேல் இழுத்துப் போட்டபோது ஆறு கிலோவுக்குக் குறையாது என்றார். தராசில் ஆறே கால் வந்தது.

வியாபாரி வண்டி வருவதற்கு முன் மாமாவிடம் சொன்னேன். மண்டபத்தில் மீன்வள ஆராய்ச்சியில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் எனக்குச் சொன்ன விஷயம் அது. கொடுவா பிறந்து பெரிதாகும்போது முதலில் ஆண். சில வருடம் ஆணாக இருந்துவிட்டு, நல்ல எடை வந்த பிறகு பெண்ணாக மாறிவிடும். இவ்வளவு பெரியது என்றால் அநேகமாகப் பெண்தான். வளர்வதெல்லாம் ஆற்றிலும் கழிமுகத்திலும். முட்டையிட மட்டும் உப்பைத் தேடிக் கீழே கடல் முகத்துக்கு வரும். ட்ரவுட்டில் கடலுக்குப் போய் வளர்கிற ஒரு வகை உண்டு, அது முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். கொடுவா அதற்கு நேர் தலைகீழ்.

மாமா மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார். செவுள் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"அப்ப ஆம்பளயாப் பொறந்து, பொம்பளயாகி, பிள்ள பெக்க வந்த எடத்துல நம்மகிட்ட மாட்டிருக்கு."

"விட்டுருவோமா மாமா?"

"தூண்டி யாருது?"

"ஒங்களுது."

"அப்பறம் என்ன."

வண்டிக்காரர் கிலோ ஐந்நூற்றைம்பது என்று எடுத்துக்கொண்டு போனார். மாமா எண்ணிப் பார்த்துவிட்டு ஆயிரத்தை என் சட்டைப்பையில் திணித்தார். வேண்டாம் என்றால் அவமானப்படுத்தியது போல் ஆகும். வாங்கிக்கொண்டேன். மதுரைக்குத் திரும்பும்போது அந்தக் காசில்தான் பெட்ரோல் போட்டேன். தூண்டில் என்னுடையதாக இருந்திருந்தால் விட்டிருப்பேனா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன். மீன் கையில் இல்லாதபோது விட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

போன மாசியில் போனபோது பழைய ஈப் பெட்டியை எடுத்துப் போனேன். பதினைந்து வருடமாக அலமாரியில் கிடந்தது, பாதி இறகை அந்துப்பூச்சி தின்றிருந்தது. மீதியில் நல்லதாக ஒரு ஈசல் வகையைப் பொறுக்கி மாமாவிடம் கொடுத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எந்த மீனு நம்பும்?" என்றார். பிறகு, "நல்லாத்தான் கட்டிருக்கான்" என்றார்.

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் ட்ரவுட்டில் ரெயின்போ என்கிற வகை இருக்கிறது, வெள்ளைக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, 1907-ல் அங்கே பொரிப்பகம் கட்டி ஓடைகளில் விட்டார்கள், வேண்டுமானால் ஒருநாள் போகலாம் என்றேன். "குளிரும்" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டு, ஈயத்தை அவிழ்த்துப் போட்டு, ஈயை மட்டும் தங்கூசியில் கட்டினார். சாட்டை வீசவெல்லாம் இல்லை. வற்றம் தொடங்கியிருந்தது. தண்ணீரில் வைத்து விட்டார், நீவாடு அதைத் திட்டின் மூக்குவரை மிதக்க வைத்துக் கொண்டுபோனது. கிழங்கான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை, அது தரையைப் பார்க்கிற சாதி. வனத்துறைப் படகில் போன சுற்றுலாக் குடும்பம் ஒன்று எங்களைப் போட்டோ எடுத்தது.

மூன்றாவது முறை ஈ கோட்டைத் தாண்டியபோது தண்ணீர்ப் பரப்பில் பச்சை முதுகு ஒன்று கோடு கிழித்து வந்தது. முரல். ஊசி போன்ற அலகால் ஈயைக் குறுக்காகக் கவ்வியது. மாமா "அட" என்றார், அவ்வளவுதான், கை மாற்றிக் கை இழுக்க ஆரம்பித்துவிட்டார். முரல் தண்ணீருக்கு மேலே வாலால் நடந்தது. கை விரிக்கிற ஒரு பாகத் தூரத்துக்கு வந்துவிட்டது. கையை நீட்டினார். ஒரு துள்ளு. தங்கூசி தொய்ந்தது. மீன் இல்லை.

முள்ளை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நகத்தால் தடவினார்.

"எதிர்முள்ளு எங்கடா?"

"கெடையாது மாமா. அங்க முள்ளே அப்பிடித்தான். மீனுக்குச் சேதமில்லாமக் கழட்டுறதுக்கு."

சிரிக்க ஆரம்பித்தவர் இருமல் வந்து தண்ணீரில் குனிந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அது விட்டுட்டுப் போச்சா, நாம விட்டமா?" என்றார். நான் பதில் தேடுவதற்குள் ஈயை அவிழ்த்து, காலியான தீப்பெட்டிக்குள் படுக்கவைத்து மடியில் கட்டிக்கொண்டார்.

"றெக்க நல்லாருக்கு. நாளைக்கி நம்ம முள்ளுல இதே மாதிரி ஒன்னு கட்டித் தா. முரலுக்கு ஆகும்."

ஈயத்தை மறுபடி கட்டி றாலைக் கோத்தார். வற்றம் இன்னும் அரை மணி நேரம் இருந்தது. பாதத்தை மணலில் இழுத்துக்கொண்டே திட்டின் மூக்குப் பக்கமாக நடந்தோம்.